காசு கொடுத்தால் மனசு மாறுமா? விலை, ஊக்கத்தொகை, நியாயம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொருளியல் பாடம் நடத்துகிறவனைப் பார்த்தால் எல்லோரும் முதலில் கேட்பது எந்தப் பங்கை வாங்கலாம் என்றுதான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்கு அடுத்தபடியாக வருகிற கேள்விகள் எனக்குப் பிடித்தவை. அபராதம் போட்டால் ஆள் திருந்துவானா? பண்டிகைக்கு விலை ஏற்றுகிறவன் அநியாயக்காரனா? எதை விற்கலாம், எதை விற்கக்கூடாது? இவற்றுக்கு ஆய்வாளர்கள் களத்தில் இறங்கிப் பார்த்துச் சொன்ன பதில்கள் உண்டு. அவற்றை என் அபிப்பிராயங்களோடு சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன்.

அபராதம் போட்டால் தப்பு குறையும்தானே?

குறையும் என்றுதான் பாடப்புத்தகம் சொல்கிறது. இஸ்ரேலில் ஹைஃபா நகரத்தில் 1998-இல் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். யூரி நீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு பொருளியலாளர்கள் பத்துக் குழந்தைக் காப்பகங்களை எடுத்துக்கொண்டார்கள். மாலை நாலு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டும். சில பெற்றோர் தாமதமாக வருவார்கள். டீச்சர் ஒருவர் பிள்ளையோடு காத்திருப்பார். முதல் நாலு வாரம் யாரையும் எதுவும் சொல்லாமல், தினம் எத்தனை பேர் தாமதம் என்று எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். ஐந்தாம் வாரம் ஆறு காப்பகங்களில் அறிவிப்பு ஒட்டினார்கள்: பத்து நிமிடத்துக்கு மேல் தாமதமானால் பிள்ளைக்கு 10 ஷெக்கல் அபராதம். மாதக் கட்டணம் 1,400 ஷெக்கல். அதோடு பார்த்தால் இது சில்லறைதான்.

தாமதம் கூடியது. போகப்போக ஏறக்குறைய இரண்டு மடங்காகிவிட்டது. அபராதம் போடாத மற்ற நாலு காப்பகங்களில் ஒரு மாற்றமும் இல்லை.

அறிவிப்பு ஒட்டுவதற்கு முன்னால் ஒரு தகப்பன் தாமதமாக வந்தால், "சாரி டீச்சர், டிராஃபிக்" என்று தலையைச் சொறிந்துகொண்டு நிற்பான். டீச்சர் தன் வீட்டு வேலையை விட்டுவிட்டு இவனுக்காகக் காத்திருக்கிறார் என்பது அவன் மனதை உறுத்தும். 10 ஷெக்கல் என்று எழுதி ஒட்டியதும் அந்த உறுத்தலுக்கு ஒரு விலை வந்துவிட்டது. காசைக் கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது. அபராதம் என்று நிர்வாகம் எழுதியதை, பெற்றோர் கட்டணம் என்று படித்துக்கொண்டார்கள்.

இதைப் படிக்க நான் ஹைஃபா வரை போயிருக்கவே வேண்டாம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதப் பராமரிப்புத் தொகையைப் பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டாதவர் வீட்டுக் கதவைச் செயலாளர் போய்த் தட்டுவார். எழுபது வயதுக்காரர், முட்டிவலியோடு மாடி ஏறி வருவார். "தம்பி, மறந்துட்டீங்களோ?" என்பார், அவ்வளவுதான். வெட்கப்பட்டுக்கொண்டு அன்றைக்கே அனுப்பிவிடுவோம். ஒரு பொதுக்குழுவில், அவரை ஏன் அலைய விடுவது என்று நல்ல எண்ணத்தில் 50 ரூபாய் லேட் ஃபீஸ் போட்டோம். அடுத்த மாதம் முதல் இருபத்தெட்டாம் தேதிதான் பணம் வரத் தொடங்கியது. "சார், அம்பது சேர்த்தே போட்டுட்டேன், பாத்துக்கங்க" என்று வாட்ஸ்அப் செய்தி வேறு. மிச்சத்தைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

தொகையை ஏற்றினால் சரியாகிவிடாதா?

ஏற்றினால் குறையும். 10 ஷெக்கலுக்குப் பதில் 500 ஷெக்கல் என்றால் எந்தத் தகப்பனும் நாலு மணிக்கு வாசலில் நின்றிருப்பான். சிக்கல் சின்னத் தொகையில்தான். பழைய வெட்கத்தை அது கலைத்துவிடும், அந்த இடத்தில் புதுப் பயத்தைக் கொண்டுவந்து வைக்காது.

இதே இரட்டையர் நன்கொடை திரட்டும் பள்ளி மாணவர்களை வைத்தும் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பிரிவுக்கு வெறும் பாராட்டுப் பேச்சு. இன்னொரு பிரிவுக்கு, திரட்டும் தொகையில் நூற்றுக்கு ஒன்று கமிஷன். மூன்றாவது பிரிவுக்கு நூற்றுக்குப் பத்து. கமிஷனை ஆய்வாளர்களே தந்தார்கள், உண்டியலிலிருந்து எடுக்கவில்லை. அதிகம் திரட்டியது காசே வாங்காத பிள்ளைகள். அடுத்து பத்து சதவீதக்காரர்கள். கடைசியில் ஒரு சதவீதக்காரர்கள். அவர்கள் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: கொடுப்பதானால் தாராளமாகக் கொடு, இல்லையென்றால் பேசாமல் இரு.

அப்படியானால் ஊக்கத்தொகையே வீண் என்கிறீர்களா?

இல்லவே இல்லை. இந்தக் காப்பகக் கதையை மட்டும் தெரிந்துகொண்டு, காசு எல்லாவற்றையும் கெடுக்கும் என்று மேடையில் பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சலிப்பு வரும். அவர்களை ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்துக்கு அனுப்ப வேண்டும்.

அங்கே சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனத்தோடு சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ என்ற பொருளியலாளர்களின் குழுவினர் 134 கிராமங்களில் தடுப்பூசிச் சோதனை நடத்தினார்கள். வழக்கம்போல விடப்பட்ட கிராமங்களில் எல்லாத் தடுப்பூசியும் முழுசாகப் போட்ட குழந்தைகள் 6 சதவீதம். மாதம் தவறாமல் முகாம் நடத்திய கிராமங்களில் 18 சதவீதம். முகாமோடு, ஒவ்வொரு முறை வரும்போதும் ஒரு கிலோ பருப்பு, எல்லா ஊசியும் முடிந்தால் சாப்பாட்டுத் தட்டு செட் என்று கொடுத்த கிராமங்களில் 39 சதவீதம். அந்தத் தாய்மார்களுக்குப் பிள்ளைமேல் அக்கறை இல்லாமல் இல்லை. ஊசி போட்ட ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். அன்றைக்குக் கூலி போகும். ஊசியின் பலன் என்றைக்கோ வரப்போவது, அதுவும் கண்ணுக்குத் தெரியாதது. "சரி, அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடுகிற மனசை இன்றைக்கே கிளப்பிவிட ஒரு கிலோ பருப்பு போதுமாக இருந்தது.

பருப்பு கொடுப்பது லஞ்சம் மாதிரி இல்லையா என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்விதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் நர்ஸுக்கு அன்றைய சம்பளம் போகிறது. பருப்புக்காகக் கூட்டம் கூடியதால், ஒரு குழந்தைக்கு முழுத் தடுப்பூசி போட்டு முடிக்கும் செலவு பருப்பு இல்லாத முகாமைவிடக் குறைந்தே போனது.

அதே மாவட்டத்தில் ஓராசிரியர் பள்ளிகளில் கேமரா கொடுத்தார்கள். காலையில் ஒரு படம், மாலையில் ஒரு படம், பிள்ளைகளோடு ஆசிரியர் நிற்கிற மாதிரி. தேதியும் நேரமும் படத்திலேயே பதிந்துவிடும். வந்த நாளுக்குத் தக்கபடி சம்பளம். ஆசிரியர் வராத நாட்கள் 42 சதவீதத்திலிருந்து 21 சதவீதமாக இறங்கின. அந்த மாவட்டத்தின் அரசு நர்ஸுகளிடமும் இதே மாதிரி ஒன்றை முயன்றார்கள். ஆறு மாதம் அழகாக ஓடியது. பிறகு சுகாதாரத் துறையே "விலக்கு நாள்" என்று தாராளமாக எழுதிக் கொடுக்கத் தொடங்கியது. பதினாறு மாதத்தில் சோதனைக்கு உட்பட்டவர், உட்படாதவர் என்ற வித்தியாசமே இல்லாமல் போய்விட்டது. விதி எழுதுகிறவர் மனசு வைக்காவிட்டால் எந்தக் கேமராவாலும் ஒன்றும் ஆகாது.

பரிசு கொடுத்தால் ஆள் ஏமாற்ற மாட்டானா?

ஏமாற்றுவான். 1902-இல் ஹனோய் நகரத்தில் எலி ஒழிக்க, வாலுக்கு இவ்வளவு என்று பிரெஞ்சுக்காரர்கள் காசு கொடுத்தார்கள். வால் இல்லாத எலிகள் தெருவில் ஓட ஆரம்பித்தன. வாலை மட்டும் அறுத்துக்கொண்டு எலியைக் குட்டி போட விட்டுவிட்டார்கள். எதை எண்ணிக் காசு கொடுக்கிறோமோ அதுதான் வந்து சேரும்.

ரத்தத்துக்குக் காசு கொடுத்தால் என்ன?

இந்தத் துறையில் சண்டை தொடங்கிய இடமே இதுதான். 1970-இல் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற பிரிட்டிஷ் சமூகவியலாளர், காசு கொடுத்து ரத்தம் வாங்கும் அமெரிக்க முறையைவிடத் தானமாகப் பெறும் பிரிட்டிஷ் முறையே மேல் என்று எழுதினார். காசுக்கு விற்கிறவன் தன் நோயை மறைப்பான், அதோடு சும்மா கொடுக்க நினைக்கிறவனும் ஒதுங்கிவிடுவான் என்பது அவர் வாதம். கென்னத் ஆரோ என்ற பெரிய பொருளியலாளர், விற்க ஒரு வழியைத் திறந்துவிட்டால் தானம் செய்கிறவனுக்கு என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். அவன் பாட்டுக்குத் தானம் செய்யட்டுமே!

முப்பத்தெட்டு ஆண்டு கழித்து ஸ்வீடனின் கோதன்பர்க் நகரத்தில் இதைச் சோதித்த முடிவுகள் வெளியாயின. ரத்ததானம் செய்யப் பதிவு செய்துகொள்கிறீர்களா என்று சும்மா கேட்டபோது பெண்களில் 52 சதவீதம் பேர் சம்மதித்தார்கள். 50 குரோனா தருகிறோம் என்றதும் 30 சதவீதம் ஆகிவிட்டது. வேண்டுமானால் அந்தக் காசை ஒரு தர்ம காரியத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று சேர்த்துச் சொன்னதும் மறுபடியும் 53. ஆண்களிடம் பெரிய மாறுதல் தெரியவில்லை. ஏன் என்று இன்னும் வாதிடுகிறார்கள். நம் வீடுகளில் மொய்க் கவரைக் கண்ணுக்கு நேராகப் பிரித்து எண்ணினால் யார் முகம் முதலில் சுளிக்கும் என்று யோசித்தால் எனக்கு ஒரு யூகம் வருகிறது. அது ஆய்வு இல்லை, விடுங்கள்.

ஆனால் 2013-இல் நிக்கோலா லசெட்டேரா குழுவினர் 'சயின்ஸ்' இதழில் எதிர்ப்பக்கச் சான்றுகளைத் திரட்டித் தந்தார்கள். உண்மையான முகாம்களில் பரிசு அட்டை, டீ-சர்ட், விடுப்பு நாள் என்று கொடுத்த இடங்களில் பெரும்பாலும் ரத்தம் கூடத்தான் செய்தது, தரமும் கெடவில்லை. ஒன்று கவனியுங்கள். அவர்கள் கொடுத்தது பெரும்பாலும் பரிசுப்பொருள். கையில் நோட்டைத் திணிக்கவில்லை.

நம் நாட்டில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் விற்பது நின்றது. அப்புறம் முகாமில் ரத்தம் கொடுத்துவிட்டு வருகிறவர் கையில் பிஸ்கட், ஜூஸ், ஒரு சான்றிதழ். அந்தச் சான்றிதழை ஃப்ரேம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அதே ஆளுக்கு 200 ரூபாய் கொடுத்திருந்தால் அந்த நோட்டை யார் மாட்டி வைப்பார்கள்?

ஊருக்கு இழப்பீடு கொடுத்தால் எதிர்ப்பு அடங்குமா?

சில சமயம் எதிர்ப்பு கூடும். 1993-இல் சுவிட்சர்லாந்தின் வொல்ஃபன்ஷீஸன் என்ற மலையோர ஊரில் அணுக்கழிவைப் புதைக்க இடம் பார்த்தார்கள். உங்கள் ஊரில் வைக்கச் சம்மதமா என்று புரூனோ ஃப்ரை, ஃபெலிக்ஸ் ஓபர்ஹோல்ட்ஸர்-கீ என்ற பொருளியலாளர்கள் இருவரும் வீடுவீடாகக் கேட்டார்கள். பாதிக்குச் சற்று மேல், 50.8 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். ஆபத்து என்று தெரிந்தும், நாட்டுக்கு எங்காவது ஓரிடம் வேண்டுமே என்ற எண்ணத்தில். ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் நல்ல தொகை தருவோம் என்று சேர்த்துக் கேட்டபோது சம்மதம் 24.6 சதவீதமாக விழுந்தது. மறுத்தவர்களிடம் தொகையைக் கூட்டிச் சொல்லிப் பார்த்தார்கள். மனம் மாறியவர் ஒரே ஒருவர்.

முதல் கேள்வியில் அவர்கள் குடிமக்கள். இரண்டாவது கேள்வியில் மனை விற்கிறவர்கள். மனை விற்கிறவன் தனக்குக் கட்டுமா என்றுதான் பார்ப்பான். அதோடு, இவ்வளவு காசு தருகிறார்கள் என்றால் உள்ளே என்ன வைக்கப்போகிறார்களோ என்ற பயமும் வரும்.

பண்டிகை நாளில் பூ விலை ஏற்றுவது அநியாயமா?

மார்கழி முடிந்து தை பிறக்கும் நேரத்தில் மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஒருமுறை விடிகாலையில் போனேன். மல்லிகை கிலோ ஆயிரங்களில் போய்க்கொண்டிருந்தது. ஒரு அம்மா அரைக் கிலோவுக்குப் பேரம் பேசிப் பார்த்துவிட்டு, "பொங்கலுக்குப் பூ வைக்காம இருந்துட மாட்டோம்னு தெரிஞ்சுல்ல அடிக்கிறீங்க" என்றார். கடைக்காரர் காலிக் கூடையைக் கவிழ்த்துக் காட்டினார். "பனியில மொட்டே கட்டலக்கா. வந்ததே இவ்வளவுதான்."

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. குளிர்காலத்தில் மல்லி விளைச்சல் இறங்கிவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் முகூர்த்தமும் பொங்கலும் வருகின்றன.

இந்தக் கோபம் நம் ஊருக்கு மட்டும் உரியதும் இல்லை. 1990-இல் ராபர்ட் ஷில்லர் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இரண்டு சோவியத் ஆய்வாளர்களோடு சேர்ந்து மாஸ்கோவிலும் நியூயார்க்கிலும் தொலைபேசியில் இதே கேள்வியைக் கேட்டார்: பண்டிகைக்குப் பூ விலை ஏற்றுவது நியாயமா? எழுபது ஆண்டு கம்யூனிசத்தில் ஊறியவர்களுக்கும் வால் ஸ்ட்ரீட் ஊர்க்காரர்களுக்கும் பதில் வேறுவேறாக இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். இரண்டு ஊரிலும் மூன்றில் இரண்டு பங்குப் பேர் நியாயமில்லை என்றார்கள்.

அதற்கு முன்பே 1986-இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் மூவரும் கனடாவில் கேட்டது இன்னும் பிரபலம். கடைக்காரர் 15 டாலருக்கு விற்றுவந்த பனி அள்ளும் மண்வெட்டியை, பெரும் பனி கொட்டிய மறுநாள் காலை 20 டாலர் ஆக்கினால்? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். ஆனால் கடைக்காரருக்கே கொள்முதல் விலை கூடிவிட்டால் அவர் ஏற்றுவதை மக்கள் ஒத்துக்கொள்கிறார்கள். "எனக்கே அந்த விலைதாங்க வருது" என்ற ஒரு வரியில் எத்தனை சண்டைகள் நம் கடைத்தெருவில் அடங்கியிருக்கின்றன! தன் செலவு கூடியதற்காக ஏற்றலாம், என் தவிப்பைப் பார்த்து ஏற்றக்கூடாது என்பதே மக்கள் மனதில் இருக்கிற சட்டம். பூக்கடைக்காரர் கூடையைக் கவிழ்த்துக் காட்டியதும் அந்தச் சட்டத்தின்படி ஒரு சாட்சியம்தான்.

பொருளியலாளர்கள் இந்த இடத்தில் அவசரப்படுவார்கள். விலை ஏறாவிட்டால் முதலில் வந்தவன் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போவான், ஏறினால்தான் வெளியூரிலிருந்து சரக்கு வரும் என்பார்கள். பூவுக்கு அது சரி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பால் பாக்கெட்டை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு விற்றபோது சாலையே தண்ணீருக்குள் கிடந்தது. விலை ஏறியதால் எந்த லாரியும் நீந்தி வந்துவிடவில்லை. யாரிடம் காசு இருந்ததோ அவர் வீட்டுக் குழந்தைக்குப் பால் போனது, அவ்வளவுதான். சரக்கு வர வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விலையேற்றத்துக்கு வக்காலத்து வாங்க வேண்டும் என்பது என் கட்சி.

இடைத்தரகரை ஏன் யாருக்கும் பிடிப்பதில்லை?

எதையும் விளைவிக்காமல், எதையும் செய்யாமல், கைமாற்றி மட்டும் காசு பார்க்கிறான் என்ற எரிச்சல். இதை மிக அழகாக எழுதியவர் ராட்ஃபோர்டு என்ற பிரிட்டிஷ்காரர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர்களிடம் கைதியாக முகாமில் இருந்துவிட்டு வந்து 1945-இல் ஒரு கட்டுரை எழுதினார்.

முகாமில் எல்லோருக்கும் செஞ்சிலுவைச் சங்கப் பொட்டலம் வரும். டின் பால், ஜாம், வெண்ணெய், பிஸ்கட், சிகரெட். ஒருவருக்கு வேண்டாதது இன்னொருவருக்கு வேண்டும் என்பதால் பண்டமாற்று தொடங்கி, கடைசியில் சிகரெட்டே நாணயம் ஆகிவிட்டது. பாதிரியார் ஒருவர் ஒரு டின் பாலாடைக்கட்டியும் ஐந்து சிகரெட்டும் எடுத்துக்கொண்டு முகாமைச் சுற்றி வந்தாராம். திரும்பி வரும்போது அதே கட்டி, அதே ஐந்து சிகரெட், கூடவே ஒரு முழுப் பொட்டலம். ஒரு கட்டடத்தில் மலிவாக இருப்பது அடுத்த கட்டடத்தில் விலை கூடுதல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

எனக்குப் பிடித்த ஆள் இன்னொருவர். அவருக்கு உருது தெரியும். முகாமில் சீக்கியப் படைவீரர்கள் இருந்த பகுதிக்குப் போய் அவர்களிடம் இறைச்சியை வாங்கிக்கொண்டு வெண்ணெயும் ஜாமும் கொடுப்பார். வேறு யாருக்கும் அந்தப் பேச்சு தெரியாத வரை கொழுத்த லாபம். விஷயம் வெளியே தெரிந்து நாலு பேர் நுழைந்ததும் இரண்டு பக்கத்து விலையும் நெருங்கிவிட்டது.

இத்தனைக்கும் இப்படிப்பட்ட ஆட்களால் யாரும் நஷ்டப்படவில்லை. ஜாம் வேண்டியவருக்கு ஜாம் கிடைத்தது. ஆனாலும் முகாமில் எல்லோரும் தரகர்களைத் திட்டிக்கொண்டே இருந்தார்கள் என்று எழுதுகிறார் ராட்ஃபோர்டு. நம் சந்தையில் தக்காளி விவசாயிக்கு நாலு ரூபாய் கொடுத்துவிட்டு நம்மிடம் நாற்பது வாங்குகிற இடத்தில் கோபத்துக்குக் காரணமும் இருக்கலாம். அங்கேயும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உருது தெரிந்தவர் ஒருவரா, நாலு பேரா?

சிறுநீரகத்தை ஏன் விற்கக்கூடாது?

ஈரானில் 1988 முதல் சட்டப்படி விற்கலாம். மற்ற நாடுகளில் பெரும்பாலும் குற்றம். இந்தியாவில் 1994-இல் சட்டம் வந்தது.

அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதற்குச் சென்னையே சாட்சி. வில்லிவாக்கத்துக்கு "கிட்னிவாக்கம்" என்று பெயர் விழுந்திருந்த காலம் அது. 2001-இல் சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரைத் தேடிப் பிடித்துப் பேசினார்கள். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் மறு ஆண்டு அந்த ஆய்வு வந்தது. 96 சதவீதம் பேர் விற்றது கடனை அடைக்க. பத்தில் ஏழு பேர் பெண்கள். கைக்கு வந்தது சராசரியாக 1,070 டாலர். தரகரும் மருத்துவமனையும் சொன்ன தொகை அதைவிடக் கூடுதல். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. முக்கால்வாசிப் பேர் அப்போதும் கடனில்தான் இருந்தார்கள். பிறருக்கு இதைச் சொல்வீர்களா என்றதற்கு 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள்.

இரண்டு பேரும் சம்மதித்துத்தானே விற்கிறார்கள் என்று சொல்வோருக்கு இந்த எண்கள்தான் பதில். கந்துவட்டிக்காரன் வாசலில் நிற்கும்போது கொடுக்கும் சம்மதத்தை எந்தக் கணக்கில் எழுதுவது?

இன்னொரு பக்கமும் உண்டு. சிறுநீரகத்துக்குக் காத்திருந்தே சாகிறவர்கள் இருக்கிறார்கள். ஆல்வின் ராத் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் இதைத்தான் கையில் எடுத்தார். இரண்டு பேர் விரும்பிச் செய்யும் ஒன்றை மூன்றாமவர்கள் அருவருத்துத் தடுப்பதை அவர் சந்தைக்கான ஒரு வேலி என்று பார்த்தார். கலிபோர்னியாவில் 1998-இல் குதிரைக்கறி விற்கக் கூடாது என்று வாக்களித்துச் சட்டமே போட்டார்கள். யாருக்கும் அதனால் உடம்புக்கு ஆகாது என்று இல்லை, வேண்டாம், அவ்வளவுதான். ராத் அந்த அருவருப்போடு மல்லுக்கு நிற்கவில்லை. காசு இல்லாமலே மாற்றிக்கொள்ள வழி தேடினார். என் மனைவிக்கு என் சிறுநீரகம் பொருந்தாது, உங்கள் கணவருக்கு உங்களுடையது பொருந்தாது, என்னுடையது உங்கள் கணவருக்கும் உங்களுடையது என் மனைவிக்கும் பொருந்தும் என்றால் மாற்றிக்கொள்ளலாமே. 2004 முதல் அமெரிக்காவில் இதை முறைப்படுத்தினார்கள். ராத்துக்கு 2012-இல் லாயிட் ஷேப்லியோடு நோபல் பரிசு கிடைத்தது. இந்தியச் சட்டமும் 2011 திருத்தத்தில் இப்படி மாற்றிக்கொள்வதை ஏற்றுக்கொண்டது. இதுவும் பண்டமாற்றுதான். ஆனால் நோட்டு கைமாறாததால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

2023 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, உறுப்பு தானம் செய்தவர்களின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையோடு நடக்கும் என்று அறிவித்தது. இதை ஊக்கத்தொகை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனிடம் ஐந்து லட்சத்தை நீட்டினால் ஊர் என்ன பேசும்? "புள்ள உடம்ப வித்துட்டான்" என்று பேசும். கலெக்டர் வந்து மாலை வைத்தால் அதே ஊர் எழுந்து நிற்கும்.

சந்தையில் புழங்கினால் மனிதர் கெட்டுப்போவார்களா?

இரண்டு ஆய்வுகள் இரண்டு திசையில் இழுக்கின்றன. 2013-இல் ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத்தில் ஆர்மின் ஃபால்க்கும் நோரா ஸெக்கும் ஓர் எலியைக் காட்டினார்கள். 10 யூரோ வாங்கிக்கொண்டால் எலி சாகும், வேண்டாம் என்றால் பிழைக்கும். ஆய்வகத்துக்கு வேண்டாத, எப்படியும் கொல்லப்படவிருந்த எலிகள்தான் அவை. தனியாக முடிவெடுத்தவர்களில் சுமார் 46 சதவீதம் பேர் காசை எடுத்துக்கொண்டார்கள். வாங்குபவர், விற்பவர் என்று உட்கார வைத்துப் பேரம் பேச விட்டபோது, 10 யூரோவோ அதற்குக் குறைவாகவோ வாங்கிக்கொண்டு எலியை விட்டுக்கொடுத்தவர்கள் 72 சதவீதம். பழியை இரண்டு பேர் பங்குபோட்டால் பாரம் குறைகிறது. பேரம் பல சுற்று நடந்ததுதான் காரணம், சந்தை இல்லை என்று பின்னால் வேறு ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். அந்த மறுப்பு எனக்கு வலுவாகவே படுகிறது.

மறுபக்கம், ஜோசஃப் ஹென்ரிக் குழுவினர் உலகெங்கும் 15 சிறு சமூகங்களில் ஒரு விளையாட்டு நடத்தினார்கள். ஒருவரிடம் ஒரு தொகை கொடுப்பார்கள். அவர் முகம் தெரியாத இன்னொருவருக்குப் பங்கு சொல்ல வேண்டும், அவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. பெரு நாட்டின் காட்டுக்குள், வீட்டாரைத் தாண்டி யாரோடும் கொடுக்கல் வாங்கல் அதிகம் இல்லாத மச்சிகெங்கா மக்கள் சராசரியாகக் கால் பங்குதான் கொடுத்தார்கள். இந்தோனேசியாவில் கூட்டாகப் படகேறித் திமிங்கிலம் பிடிக்கும் லமலேரா மக்கள் பாதிக்கும் மேல் கொடுத்தார்கள். மொத்தத்தில், சந்தையோடு அதிகம் புழங்கிய சமூகங்களில் பங்கு தாராளமாக இருந்தது. முன்பின் தெரியாதவனோடு தினமும் கொடுத்து வாங்கிப் பழகியவனுக்கு, தெரியாதவனிடம் நியாயமாக நடப்பதும் பழகிவிடுகிறது போலும்.

மொய் எதில் சேரும், அன்பளிப்பா கடனா?

இரண்டும். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆனி, ஆடி மாதங்களில் மொய் விருந்து நடக்கும். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை, மொய் வாங்குவதற்கென்றே கறிவிருந்து. வாசலில் மேசை போட்டு நோட்டில் பெயர், ஊர், தொகை எழுதுவார்கள். அவரவர் முறை வரும்போது, வாங்கியதைத் திருப்பி, மேலே கொஞ்சம் சேர்த்துச் செய்ய வேண்டும். வட்டி என்று எழுதினால் சண்டை வரும். மேலே வைப்பதற்குப் புதுநடை என்று பெயர்.

வங்கி வாசலில் பத்திரத்தோடு நிற்க வேண்டிய தொகையை இலையில் கறிசோறு போட்டுத் திரட்டிவிடுகிறார்கள். திருப்பிச் செய்யாதவனை நீதிமன்றத்துக்கு இழுப்பதில்லை, ஊர் பார்த்துக்கொள்ளும். சந்தையும் உறவும் எண்ணெயும் தண்ணீரும் போல ஒட்டாது என்று எழுதுகிற ஆய்வாளர்களை ஓர் ஆடி மாதம் அங்கே கூட்டிப்போய் இலை முன்னால் உட்கார வைக்க ஆசை.

தப்பாகப் போட்ட அபராதத்தை எடுத்துவிட்டால் பழைய நிலைமை திரும்புமா?

ஹைஃபாவில் பதினேழாம் வாரம் அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் குறையவில்லை. இருபதாம் வாரம் ஆய்வு முடியும்வரை இரண்டு மடங்கிலேயே நின்றது. விலை வைத்து விற்ற ஒன்று இப்போது இலவசம் என்று ஆனால் கூட்டம் கூடத்தானே செய்யும்.

எங்கள் குடியிருப்பில் போன சித்திரையில் லேட் ஃபீஸை ரத்து செய்தோம். பணம் இப்போதும் இருபத்தெட்டாம் தேதிதான் வருகிறது, 50 ரூபாய் இல்லாமல். செயலாளரிடம் முன்மாதிரி வீட்டுக்கு வந்து கேளுங்களேன் சார் என்று சொல்லிப் பார்த்தேன். "இனிமே எப்படித் தம்பி போய்த் தட்டுறது? கணக்கு கேக்க வந்த மாதிரி இருக்கும்" என்றார்.